வாசமில்லாத பூவுக்கு அனுமதி

எங்கள் தீவில், கராச்சர்மாவில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரு காலத்தில் பூக்கள் சும்மா பூத்துக்கொண்டிருந்தன. செம்பருத்தி வேலியாக நின்றது. இட்லிப்பூவைக் குழந்தைகள் பறித்துத் தேன் உறிஞ்சிவிட்டுத் தெருவில் போட்டார்கள். காகிதப்பூ யார் வீட்டுக் கொடி என்றே தெரியாமல் நாலு வீட்டுத் தகரக் கூரைமேல் படர்ந்து கிடந்தது. எதற்கும் ஓர் அர்த்தமும் கிடையாது. பிறகு ஒரு மேடம் மெயின்லேண்டிலிருந்து வந்து சேர்ந்தார். எல்லாவற்றுக்கும் அர்த்தம் வந்துவிட்டது.

மேடம் என்றால் அதிகாரி இல்லை, அதிகாரியின் மனைவி. எங்கள் ஊரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. அவர் கப்பல் ஏறுவதற்கு முன் ஏதோ ஓர் ஆன்மிக முகாமுக்குப் போய்வந்திருந்தார். ஒவ்வொரு பூவும் ஆன்மாவின் ஒரு குணத்தைக் குறிக்கிறது என்று அங்கே கற்றுக்கொடுத்தார்களாம். வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் குவார்ட்டர்ஸ் கூடத்தில் தமிழ்ப் பெண்களைக் கூட்டிவைத்து அதை எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார். செம்பருத்தி என்றால் துணிவு. நந்தியாவட்டை தெளிவு. சங்குப்பூ பேச்சடக்கம். ஒரே காம்பில் கூட்டமாகப் பூப்பதால் இட்லிப்பூ குடும்ப ஒற்றுமை. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் கவலைப்படாமல் பூப்பதால் காகிதப்பூ பற்றின்மை. அரளியைப் பற்றி மட்டும் முகாமில் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. யாரோ கேட்டதற்கு, “அது அட்வான்ஸ் லெவல்” என்றார்.

ஆன்மாவின் குணம் யாருக்கு வேண்டும்? எங்கள் பெண்கள் சீக்கிரமே அதை ஒரு மருந்துக்கடை ஆக்கிவிட்டார்கள். மாமியாரோடு சண்டை என்றால் இட்லிப்பூ. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் நந்தியாவட்டை. புருஷன் குடித்துவிட்டுக் கத்துகிறான் என்றால் அவன் தலையணைக்கடியில் சங்குப்பூ. மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்டுக் காத்திருந்தவர்களெல்லாம் முருகனுக்குக் கை கையாகக் காகிதப்பூவை அள்ளிப் போட்டார்கள். தீவில் இவர்களை வைத்துக்கொண்டிருக்கும் பற்று முருகனுக்கு விட்டுப்போக வேண்டுமாம். முருகன் அசையவில்லை. காகிதப்பூ மட்டும் தெருவில் தீர்ந்துபோனது.

மேடத்தின் வீட்டில் பூச்செடியே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழவழவென்று ஒரு புல்தரையும் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகளும்தான். பாடம் நடத்தத் தேவையான பூக்களுக்கு அவர் எங்கள் தெருவை நம்பியிருந்தார். விடியும்போதே ஆளாளுக்குக் கையில் பிளாஸ்டிக் பையோடு அடுத்த வீட்டு வேலியோரம் நின்றார்கள். கேட்டால், “சாமிக்குத்தான்” என்பார்கள். சாமிக்கு என்றால் அது திருட்டில் சேராது என்று எந்த முகாமில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

அந்தத் தெருவில் அதிகம் பறிகொடுத்த தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று சொன்னாலும் உழைப்பெல்லாம் என் தங்கையுடையது. சுனாமிக்குப் பிறகு, தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேயிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியவர்களில் அவளும் ஒருத்தி. கட்டிய சேலையோடு வந்தாள். மின்சாரத் துறையில் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வந்த புதிதில் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் எழுந்துபோய், வீட்டின் முன்னால் கிடந்த செங்கல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். சௌல்தாரியிலிருந்து காய்கறி கொண்டுவருகிற ஆளிடம் சொல்லிச் சாணி எரு வரவழைத்தாள். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம் செம்பருத்திக் குச்சி வாங்கி ஊன்றினாள். மல்லிகைப் பதியன் யாரிடமிருந்து வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. மழை நாட்களில் கையளவு நத்தைகள் படையெடுத்து வரும். வாளியில் உப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் போடுவாள். ஒருமுறை அதைப் பார்த்துவிட்ட மேடம் நெஞ்சில் கை வைத்தார்.

“ஐயோ, நத்தையும் ஓர் ஆன்மாதானேம்மா. பொறுமையோட வடிவம் அது.”

“ஆமா மேடம்,” என்றாள் தங்கை. “பொறுமையா உக்காந்து முழுச் செடியையும் தின்னுப்புடும்.”

இவ்வளவு பேச்சும் அவள் எப்போதாவது பேசுவதுதான். மற்றபடி காலையில் தோட்டம், பிறகு புருஷனுடைய துறையிலேயே அவளுக்குக் கொடுத்த வேலை, மாலையில் மறுபடி தோட்டம். மல்லிகை பூக்கத் தொடங்கியதும் தினமும் ஒரு சரம் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஊர் மூக்கை நுழைத்தது அங்கேதான். சர்க்கார் அவள் புருஷனை இறந்தவனாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு வேலையும் கொடுத்துவிட்டது. சாமிதான் இன்னும் முடிவெடுக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்குப் பன்னிரண்டு வருஷம் பொறுத்து, தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்த பிறகுதான் கருமாதி என்று ராமநாதபுரத்துச் சொந்தக்காரர்கள் போனில் சொல்லிவிட்டார்கள். ஆக, பொட்டு வைத்துக்கொள்ளலாமா, பூ வைத்துக்கொள்ளலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. தீவு முழுக்க இப்படிப்பட்ட பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொரு தெருவும் தனக்குத் தோன்றியபடி ஒரு சட்டம் போட்டுக்கொண்டது.

எங்கள் தெருவுக்குச் சட்டம் போட்டது நான். யார் ஜாடையாகக் கேட்டாலும், “அவரு எங்கேயோ இருக்காரு, வந்துருவாருன்னு நம்பிக்கிட்டு இருக்கா. அந்த நம்பிக்கைய நாம எதுக்குக் கெடுக்கணும்?” என்று சொல்லி அனுப்பினேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். நான் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் குமாஸ்தா. என்னால் ஒரு பெர்த்தைக்கூட யாருக்கும் ஒதுக்கிக் கொடுக்க முடியாது. ஆனால் மே மாத விடுமுறையில் ஊருக்குப் போக வேண்டியவர்கள் யாரும் அதை நம்பத் தயாராக இல்லை. அதனால் என் முகத்துக்கு நேரே எவரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

மேடம் உச்சுக்கொட்டுவதோடு நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் தங்கையை எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்தினார். மல்லிகைக்கு அதுவரை பொருள் சொல்லாமல் வைத்திருந்தாராம்.

“பாருங்க இந்தப் பொண்ணை. கடல் கொண்டுபோன கணவனுக்காகக் காத்திருக்கா. இதுதான் மல்லிகை. மல்லிகைன்னா காத்திருப்பு.”

நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்துவந்து அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். தங்கை பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தப்பட்ட பிள்ளையைப் போல நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில், “இனிமே நான் அங்க வரல” என்றாள். சொன்னபடி போகவும் இல்லை. பூ மட்டும் எங்கள் தோட்டத்திலிருந்து வாராவாரம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் பங்குனியில் கோயிலில் விளக்கு பூஜை வைத்தார்கள். நூற்றெட்டு விளக்கு. மேடம்தான் முன்னால் நின்று ஏற்பாடு. பூஜைக்கு வேண்டிய பூவில் பாதியை நாங்கள் தருவதாகவும் அவரே முடிவுசெய்து எனக்குச் சொல்லி அனுப்பினார். அன்று ராத்திரி சாப்பிடும்போது தங்கை என்னிடம் கேட்டாள்.

“அக்கா, எம்பேருக்கும் ஒரு வெளக்குக்குச் சொல்லிவைக்கிறியா?”

நான் சோற்றில் கை வைத்தபடியே அவளைப் பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு அவள் வாய் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

“கேம்பல் பேயில வருசா வருசம் ஏத்துவேன். எங்க கூட சர்தார் வீட்டுப் பொம்பளைங்கல்லாம் சல்வார் போட்டுக்கிட்டு வந்து உக்காந்து ஏத்துவாங்க. மந்திரம் ஒண்ணும் புரியாது அவங்களுக்கு. நாங்க பூப் போட்டா அவங்களும் போடுவாங்க. நல்லா இருக்கும். தண்ணி வந்த வருசத்துலேர்ந்து ஏத்தல. இந்தத் தடவ ஏத்தணும்னு இருக்கு.”

மறுநாளே அவள் பேரைக் கொடுத்தேன். கொடுத்த அன்றைக்கே தெரு விழித்துக்கொண்டது. வகுப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே பெண்களுக்கு இப்போது வேறு கவலை. விளக்கு பூஜை மாங்கல்ய பலத்துக்குச் செய்வது. பக்கத்தில் உட்கார்கிறவள் யார் என்று பார்க்க வேண்டாமா? காத்திருப்பு மேடத்தின் கூடத்தில் இருந்தால் அழகாக இருக்கிறது. நம் பாயை ஒட்டி வந்து உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மேடமும், தெருக்கோடியில் இருந்த கான்ட்ராக்டரின் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். கான்ட்ராக்டரின் மனைவி சுனாமி நிவாரண வீடுகள் கட்டிய காசில் கழுத்து நிறைய நகை போட்டிருப்பவள். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். இருவரும் டீ குடித்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். என் கணவர் நிலைமையைப் புரிந்துகொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். தங்கை வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க,” என்று மேடம் ஆரம்பித்தார். “உங்க தங்கை மனசு புண்படக் கூடாதுன்னு நாங்க ரொம்ப யோசிச்சோம். மெட்ராஸுக்குப் போன் போட்டு, தெரிஞ்சவங்ககிட்டயும் கேட்டேன். ஒரு வழி இருக்கு.”

“மத்லப், அவங்க வரலாம்க்கா,” என்றாள் கான்ட்ராக்டரின் மனைவி. ‘அதாவது’ என்பதற்கு இந்தியில் பேச்சுக்குப் பேச்சு ஒரு மத்லப் போடாவிட்டால் அவளுக்கு வாக்கியம் நகராது. “வரவேண்டாம்னு நாங்க சொல்லவே இல்ல.”

“வரலாம். ஆனா மல்லி வேண்டாம்,” என்றார் மேடம். “வாசனைப் பூதான் சுமங்கலிக்கு உரியது. வாசனை இல்லாத பூவுக்கு அந்த தோஷம் கிடையாது. கனகாம்பரம் வெச்சுக்கட்டும். டிசம்பர் பூ கிடைச்சா அதுவும் வெச்சுக்கட்டும்.”

“மத்லப், பூ வெச்ச மாதிரியும் இருக்கும், வெக்காத மாதிரியும் இருக்கும்.”

“சாமந்தி?” என்று கேட்டேன். எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்க்கத்தான் கேட்டேன்.

மேடம் உண்மையாகவே யோசித்தார். “அதுக்கு லேசா ஒரு வாசனை இருக்கு, இல்ல? கேட்டுச் சொல்றேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாப் பூவும் ஒரே பரம்பொருளின் புன்னகை என்று வாராவாரம் சொல்கிற வாய் அது. இப்போது மூக்கை வைத்து என் தங்கை பாதி விதவையா முழு விதவையா என்று அளந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன்.

“மேடம், நீங்கதானே அவளைக் காத்திருப்புன்னு எழுப்பி நிறுத்தினீங்க? அவ புருஷன் வருவான்னு காத்துக்கிட்டு இருக்கறவ அவ. புருஷன் இருக்கற பொண்ணுக்கு என்ன பூவோ அதைத்தான் அவளும் வெச்சுக்குவா. அவரு செத்துட்டாருன்னு உங்ககிட்ட யாரு வந்து சொன்னா?”

“நான் சொல்றேன்,” என்றாள் தங்கை.

வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இருந்த சேற்றைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அக்கா, நீ சும்மா இரு. அவரு செத்துட்டாரு. நான் பாத்தேன். என்னைய மேட்டுல ஏத்தி விட்டுட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவரத் தூக்கிட்டு வரேன்னு கீழ எறங்குனாரு. தண்ணி வந்துருச்சு. கொஞ்ச நேரம் தலை தெரிஞ்சுச்சு. அப்புறம் தெரியல. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்.”

அவள் என்னைப் பார்த்துத்தான் மேலே பேசினாள்.

“வருவாருன்னு நான் ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கேனா? நீதான ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிற.”

“அப்போ தாலி?” என்று கான்ட்ராக்டரின் மனைவி கேட்டாள். அவள் கை தன் கழுத்துக்குப் போய்விட்டது.

“அத அந்த வருசமே கழட்டியாச்சு. இது வெறும் கவரிங் செயினு. நீங்க யாரும் கழுத்தப் பாக்கல, கொண்டையத்தான் பாத்தீங்க.”

“அப்புறம் எதுக்கும்மா பூ?” மேடத்தின் குரல் வகுப்பில் கேட்கிற குரலாக இல்லை.

“பிடிக்கும்.”

“இல்லம்மா, அதுக்குன்னு ஒரு உள்ளர்த்தம் இருக்குமே…”

“அர்த்தம் இல்லாம ஒரு பூ வெச்சுக்கக் கூடாதா மேடம்? நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து எங்கம்மா எனக்குப் பூ வெச்சு விட்டாங்க. அவரு ஒரு நாளும் பூ வாங்கிக் குடுத்ததில்ல. நல்ல மனுசன், ஆனா பூ வாங்கத் தெரியாது. அவரு குடுக்காதத அவரு போகும்போது எதுக்கு எடுத்துக்கிட்டுப் போகணும்?”

சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மேடம் கைப்பையைத் தேடினார். கான்ட்ராக்டரின் மனைவி, “டீக் ஹை அக்கா, நாங்க வரோம்” என்று ஒரே மூச்சில் செருப்புவரை போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு எனக்கு வந்த கோபம் அவர்கள்மேல் இல்லை. தங்கையை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. எத்தனை வருஷம் வாய் வலிக்கச் சொல்லி, அவள் தலைக்கு மேலே நான் கட்டிவைத்த கூரை! ஒரே பேச்சில் பிரித்துப் போட்டுவிட்டாள். இறந்தானா இருக்கிறானா என்று தெரியாதவரைக்கும்தான் இந்தத் தெருவில் அவளுக்கு மரியாதை. சமையலறைக்குப் போய்க் கத்தினேன். “ஒரு பொய்யி. ஒரே ஒரு பொய்யி. அத வெச்சுக்கிட்டு வெளக்கு ஏத்தியிருக்கலாம்ல?” அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, “பொய் சொல்லியா வெளக்கேத்தறது?” என்றாள். அவன் போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள் என்பதும், அதைச் சொல்ல ஒருமுறைகூட நான் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை என்பதும் படுத்த பிறகுதான் உறைத்தது. வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மேடத்தின் கூடத்தில் மல்லிகையின் பொருள் மாறிவிட்டது. காத்திருப்பு ரத்தாகி, இனிமேல் மல்லிகை என்றால் மங்கலம். முகாமில் அப்படித்தான் சொன்னார்களாம். போன தடவை சொன்னது ஆரம்ப நிலைக்கு உரிய விளக்கமாம். பேரை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. மே மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கப்பல் பெர்த் எல்லாருக்கும் வேண்டும். நல்ல பெண்ணாக இருந்தால் தானே ஒதுங்கிக்கொள்வாள் என்று தெருவெல்லாம் காத்திருந்தது.

அவள் ஒதுங்கவில்லை. பூஜை நாளில் விடிகாலையிலேயே எழுந்து, கோயிலுக்குத் தருவதாகச் சொன்ன பூவைத் தனியே பறித்து அனுப்பிவிட்டாள். எங்கள் இருவருக்குமான பூவை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டாள். எப்போதும்போல ஒரு சரம் மல்லிகை வைத்துக்கொண்டாள். ஒரு முழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான்தான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவளைப் போல நடந்தேன்.

கடைசி வரிசையில் எங்களுக்கு இடம். தங்கைக்கு ஒரு பக்கம் நான். மறுபக்கம் கான்ட்ராக்டரின் மனைவி. அவளுக்கு அங்கே எப்படி இடம் போட்டார்கள் என்று தெரியவில்லை, முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். தங்கை உட்கார்ந்ததும் அவள் தன் விளக்கைத் தூக்கி நகர்த்தி, பாயை இழுத்து, மறுபடி விளக்கை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் பாயை இழுத்தாள். நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரும் இடம் விழுந்தது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தங்கை அந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தாள். “நல்லதாப் போச்சு. கூடைய எங்க வெக்கிறதுன்னு பாத்தேன்” என்று சொல்லி, பூக்கூடையை அங்கே வைத்தாள்.

அர்ச்சனை ஆரம்பித்தது. அர்ச்சகர் சொல்லும் அம்மனின் ஒவ்வொரு பேருக்கும் விளக்கின் காலடியில் ஒரு பூ. பழக்கம் இல்லாதவர்கள் ஆரம்பத்திலேயே கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டுப் பாதியில் முழிப்பார்கள். கான்ட்ராக்டரின் மனைவியும் அப்படித்தான் முழித்தாள். அவள் தட்டு காலியாகிவிட்டது. முன்வரிசையிலும் யாரிடமும் மிச்சம் இல்லை. அர்ச்சகர் நிறுத்தவில்லை. பூவில்லாமல் கையை ஆட்டினால் மாங்கல்ய பலத்துக்கு என்ன ஆகுமோ! அவள் கண் பக்கத்தில் இருந்த கூடைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. தங்கை விளக்கைப் பார்த்தபடியே கூடையை இடதுகையால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு இரண்டு கையாலும் மல்லிகையை அள்ளிக்கொண்டாள்.

என் நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்துவிட்டது. கோயில் என்றும் பார்க்காமல் சொல்லியிருப்பேன். தங்கை என் முழங்காலை அழுத்தினாள். “விடுக்கா. வெளக்குக்குத்தான போகுது.”

பூஜை முடிந்ததும் பெண்கள் ஒருவருக்கொருவர் குங்குமம் வைத்துவிட்டார்கள். கான்ட்ராக்டரின் மனைவி தன் கிண்ணத்தோடு எழுந்தாள். தங்கையின் பூவைப் போட்டு முடித்த அதே கையால், தங்கையைச் சுற்றிக்கொண்டு வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். “நல்லபடியா முடிஞ்சுதுக்கா” என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். மேடமும் வந்தார். எனக்கு வைத்தார். தங்கையைப் பார்த்து அன்பாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

நான் என் கிண்ணத்தைத் திறந்தேன். அதற்குள் தங்கை கையை நீட்டி அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தானே வைத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாததால் பொட்டு நடுவில் விழவில்லை, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. சரிசெய்து விடலாம் என்று சேலைத் தலைப்பை எடுத்தேன்.

“இருக்கட்டும்,” என்றாள்.